கிராக்கோவ் பெரிய சதுக்கம்: ஒரு மாலை போதுமா?

வைகைக்கரை:

வணக்கம் நண்பர்களே. மதுரையிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். மார்ச் கடைசியில் அவர்களைப் போலந்து கூட்டிப்போகிறேன். கிராக்கோவில் இரண்டு இரவுதான் தங்கல். முதல் நாள் மதியம் வந்து சேர்கிறோம். மறுநாள் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாம். மூன்றாம் நாள் காலை வியெலிச்கா உப்புச் சுரங்கம், சாயங்காலம் ரயில். ரினெக் குவூவ்னி என்கிற அந்தப் பெரிய சதுக்கத்தை ஆஷ்விட்ஸ் போய்த் திரும்பிய மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறேன். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், ஆனால் முழங்கால் வலி உண்டு. அம்மா சுத்த சைவம். இந்தத் திட்டம் சரிப்படுமா?

ஓட்டச்சக்கரம்:

தாராளமாகப் போதும் ப்ரோ. ஐரோப்பாவில் எந்த ஊர்ச் சதுக்கத்துக்குப் போனாலும் ஒரு தேவாலயம், ஒரு கோபுரம், நான்கு பக்கமும் காபிக் கடை. நான் ப்ராக், ப்ரஸ்ஸல்ஸ், கிராக்கோவ் மூன்றும் போயிருக்கிறேன். இரண்டு மணி நேரத்தில் சுற்றி முடித்து, படம் எடுத்து, சாப்பிட்டுக் கிளம்பிவிடலாம். உப்புச் சுரங்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதுபோல வேறெங்கும் கிடைக்காது.

கூழாங்கல்:

வைகைக்கரை, முதலில் சுரங்க விஷயம். சுற்றுலாப் பாதையில் மொத்தம் 800 படிகள் வரும். தொடக்கத்திலேயே ஏறக்குறைய 380 படிகள் வளைந்து வளைந்து கீழே இறங்க வேண்டும். மேலே வருவதற்குத்தான் மின்தூக்கி. முழங்கால் வலிக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. அப்பாவுக்காகப் போகும் பயணம் என்றால் சுரங்கத்தை எடுத்துவிடுங்கள், அந்தக் காலை முழுவதையும் சதுக்கத்துக்குக் கொடுங்கள். நான் இந்த ஊரில் ஐடி வேலையில் இருக்கிறேன். வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து போகும் வழியே அதுதான். சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிப்போகிற முதல் இடமும் அதுதான்.

ஓட்டச்சக்கரம் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. தேவாலயம், கோபுரம், காபிக் கடை எல்லா ஊரிலும் உண்டு. இங்கே பார்க்க வேண்டியது தரை. 1241இல் மங்கோலியப் படை வந்து ஊரை நாசமாக்கியது. அப்புறம் 1257இல் போலெஸ்வாவ் என்ற கோமகன் நகரத்துக்குப் புதிய சாசனம் கொடுத்தார். மக்தெபுர்க் நகரச் சட்டம் என்பார்கள். அதன்படி நூல் பிடித்தாற்போல் போட்ட சதுக்கம் இது. ஏறக்குறைய 200 மீட்டருக்கு 200 மீட்டர், ஒன்பது ஏக்கருக்கு மேல் வரும். ஐரோப்பாவின் இடைக்காலச் சதுக்கங்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று. பக்கத்துக்கு மூன்று தெரு என்று கணக்காகப் பிரியும். தென்கிழக்கு மூலையில் மட்டும் குரோட்ஸ்கா தெரு புனல் மாதிரி அகன்று சாய்வாக வந்து விழும். அது வாவெல் கோட்டைக்குப் போகும் பழைய பாதை, சதுக்கத்துக்கு மூத்தது. செயின்ட் மேரி தேவாலயமும் சதுக்கத்தின் கோட்டோடு ஒட்டாமல் திரும்பி நிற்கும். புதுத் திட்டம் போட்டவர்கள் முன்னமே இருந்தவற்றை நகர்த்தவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். வரலாறு சொல்லிக்கொடுத்த அப்பாவுக்கு இதைக் காட்டுங்கள். அங்கே நின்றபடியே அவர் அரை மணி நேரம் பேசுவார்.

மேஸ்திரி மகன்:

கூழாங்கல் தம்பி சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் தொழிலில் இருந்தவன்.

இன்று நாம் படம் எடுக்கும் அந்த விரிந்த வெட்டவெளி இடைக்காலத்து வெட்டவெளி இல்லை. அப்போது அந்த இடம் முழுக்கக் கட்டடங்கள் அடைத்திருந்தன. நகர மன்றம், சரக்கு நிறுக்கும் எடைக் கூடங்கள், பணக்காரக் கடைகள் என்று பெயர் பெற்ற கடை வரிசை எல்லாம் உள்ளே நெருக்கியடித்து நின்றவை. 1820இல் நகர மன்றத்தை இடித்தார்கள், அதன் கோபுரம் மட்டும் தப்பியது. கடை வரிசைகள் 1860களில் போயின. நடுவில் மிஞ்சியது சுகியெனீட்சே என்ற துணி மண்டபம். அதுவும் 1555 தீ விபத்துக்குப் பிறகு மறுமலர்ச்சிப் பாணியில் எழும்பியது. இரு பக்கமும் இப்போது தெரியும் வளைவு நடைகள் 1870களில் ப்ரிலின்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் சேர்த்தவை. பல நூறு வருடம் வியாபாரம் செய்தும், தீயில் போனதை மறுபடி எழுப்பியும், வேண்டாததை இடித்தும் வந்த இடம் அது. ஒரே மூச்சில் கட்டி முடித்த அழகு என்று யாராவது வழிகாட்டி சொன்னால் நம்ப வேண்டாம்.

தப்பிய அந்த மன்றக் கோபுரத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். 70 மீட்டர் உயரம், உச்சி அரை மீட்டருக்குச் சற்று மேல் சாய்ந்திருக்கும். 1703இல் வீசிய புயலின் வேலை.

தெற்கு ஓரத்தில் செயின்ட் அதால்பெர்ட் என்ற குட்டித் தேவாலயம் இருக்கிறது. பலரும் அதைச் சட்டை செய்யாமல் கடந்து போவார்கள். அதன் சுவரோரம் குனிந்து கீழே பாருங்கள். இப்போதைய தளத்துக்கும் தாழ்வில், வெட்டிய பழைய சுண்ணாம்புக்கல் வரிசை தெரியும். அந்தக் காலத்துத் தரைமட்டம் அங்கேதான் இருந்தது. குப்பை, மண், இடிபாடு, புதுக் கல்பாவு என்று நூற்றாண்டுகளாகச் சேர்ந்து சேர்ந்து ஊரே மேலே ஏறிவிட்டது. அகழ்வாராய்ச்சி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை.

தேன்மொழி_வ:

ஐயா சொன்ன அந்தப் பழைய தரைமட்டத்துக்கே இறங்கிப் போகலாம். 2005இல் தொடங்கிச் சதுக்கத்தைத் தோண்டினார்கள், 2010இல் சுமார் நான்கு மீட்டர் ஆழத்தில் ஒரு நிலத்தடி அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். வாசல் துணி மண்டபத்திலேயே இருக்கிறது. உள்ளே வண்டிச் சக்கரத் தடம் பதிந்த கற்சாலை, மரத்தில் துளைத்த தண்ணீர்க் குழாய், எடைக் கூடத்தின் அடித்தளம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எனக்கு மறக்க முடியாதது ஈயக் கட்டி. கிட்டத்தட்ட 700 கிலோ! 14ஆம் நூற்றாண்டுச் சரக்கு, அரசு முத்திரையோடு. கிராக்கோவ் வழியாகத்தான் ஈயமும் செம்பும் உப்பும் துணியும் போய்க்கொண்டிருந்தன என்று புத்தகத்தில் படித்திருப்போம். அந்தக் கட்டியின் பக்கத்தில் நின்றால் அந்த வியாபாரத்தின் கனம் உடம்புக்குத் தெரிகிறது.

11ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளும் உண்டு. கைகால் மடக்கிப் புதைத்த எலும்புக்கூடுகள் சில இருக்கும். செத்தவர் திரும்பி எழுந்து வரக் கூடாது என்ற பயத்தில் அப்படிச் செய்திருக்கிறார்கள். அம்மா பயப்படுவார் என்றால் அந்தப் பக்கம் கூட்டிப்போக வேண்டாம்.

மின்தூக்கி இருக்கிறது, அப்பா தாராளமாக வரலாம். ஆனால் ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்து விடுவார்கள். முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

ஓட்டச்சக்கரம்:

சரி, இதெல்லாம் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு இவ்வளவு தேவையா? எக்காளம் கேட்கலாம், தாத்தாரிய (மங்கோலிய) வீரன் அம்பு விட்ட கதையைச் சொல்லலாம், பிள்ளைகளுக்கு அது போதும்.

கூழாங்கல்:

எக்காளத்தைக் கட்டாயம் கேட்கட்டும். ஹெய்னாவ் என்பார்கள். செயின்ட் மேரி தேவாலயத்தின் உயரமான கோபுரத்திலிருந்து, இரவு பகல் பாராமல் ஒவ்வொரு மணிக்கும், நான்கு திசைக்கும் தனித்தனியாக ஊதுவார்கள். ஊதுகிறவர்கள் தீயணைப்பு வீரர்கள். மேலே முறை வைத்துத் தங்குகிறார்கள், ஒலிநாடா கிடையாது. ஊதி முடித்ததும் கீழே நிற்பவர்களைப் பார்த்துக் கை அசைப்பார்கள். பகல் 12 மணிக்கு ஊதுவது போலந்து வானொலியில் நாடு முழுக்க நேரடியாகப் போகும்.

அந்த இசை பாதியில் சட்டென்று அறுந்து நிற்கும். 1241இல் படை வருவதைக் கண்டு ஊதிய காவலன் தொண்டையில் அம்பு தைத்தது, அதனால்தான் அங்கேயே நிறுத்துகிறோம் என்பது கதை. இந்தக் கதை பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான். இப்போதிருக்கும் கோதிக் தேவாலயமும் 1241க்குப் பின்னால் எழுந்தது. கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அப்பாவிடம் 1944 மே 18 பற்றிச் சொல்லுங்கள். இத்தாலியில் மோந்தே காசினோ மலையைப் போலந்துப் படை பிடித்தபோது, இடிபாட்டின் மேல் நின்று ஒரு போலந்து வீரர் ஊதியது இதே ஹெய்னாவைத்தான். கிராக்கோவ் அப்போது ஜெர்மானியர் கையில் இருந்தது. அவர் ஊதியதற்கு வரலாற்றுச் சாட்சி இருக்கிறது, எனக்கு அம்புக் கதையைவிட அதுதான் பெரிது.

பாதசாரி:

ஆஷ்விட்ஸ் போய் வந்த மாலையே சதுக்கம் என்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். தயவுசெய்து வேண்டாம். போக ஒன்றரை மணி நேரம், திரும்ப ஒன்றரை மணி நேரம், உள்ளே மூன்றரை மணி நேரம் நின்று நடப்பது. உடம்பு களைப்பு ஒருபுறம் இருக்கட்டும். அந்த முடிக் குவியலையும் குழந்தைகளின் செருப்பையும் பார்த்துவிட்டு வந்து, விளக்கு வெளிச்சத்தில் பீர் குடிப்பவர்களுக்கு நடுவே உட்கார்ந்து பியெரோகி என்ற போலந்துக் கொழுக்கட்டை சாப்பிட என் மனைவியால் முடியவில்லை. அன்று மாலை அறைக்கே போய்விட்டோம்.

கூழாங்கல்:

பாதசாரி சொல்வது முழுக்க உண்மை. அந்த மாலையைச் சும்மா விடுங்கள்.

அதே சமயம், சதுக்கம் வேறு, அந்தத் துயரம் வேறு என்று அப்பா நினைத்துவிட வேண்டாம். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் இந்தச் சதுக்கத்துக்கே ஹிட்லர் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். கவிஞர் மிட்ஸ்கியேவிச் சிலை 1898இல் வைத்தது, 1940 ஆகஸ்ட்டில் ஜெர்மானியர் அதைக் கீழே சாய்த்து உடைத்தார்கள். இப்போது நிற்பது 1955இல் மீண்டும் எழுப்பியது. அவர் உயிரோடு இருந்தவரை கிராக்கோவுக்கு வந்ததே இல்லை. 1890இல் அவர் உடலைத்தான் கொண்டுவந்து வாவெலில் வைத்தார்கள். ஆனாலும் ஊர்ப் பிள்ளைகள் இன்றைக்கும் சந்திக்கும் இடம் அவர் காலடிதான். 'அதாஷ் கிட்ட வா' என்று சொல்லிக்கொள்வார்கள், வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடும் செல்லப் பெயர் அது. பக்கத்திலேயே பூக்காரர்களின் குடைகள் வரிசையாக இருக்கும்.

இன்னொரு இடம் இருக்கிறது, வழிகாட்டிகள் பலர் அங்கே நிற்பதில்லை. சதுக்கத்தில் ஒரு பழைய கிணற்றுப் பம்பு உண்டு. 1980 மார்ச் 21 அன்று வாலென்டி பதிலாக் என்ற முதியவர் தன்னை அந்தப் பம்போடு சங்கிலியால் பிணைத்துக்கொண்டு தீ வைத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற ரொட்டிச் சுடுநர், போர்க்காலத் தலைமறைவுப் படையில் இருந்தவர். 1940இல் கட்டின் என்ற காட்டுப் பகுதியிலும் மற்ற இடங்களிலும் படை அதிகாரிகள், காவல்துறையினர் உட்பட சுமார் 22,000 போலந்துக்காரர்களை சோவியத் ரகசியப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதை வாய் திறந்து பேச நாட்டில் அனுமதி இல்லை. பழி ஜெர்மானியர் மேல்தான் போட்டிருந்தார்கள். அந்தப் பொய்யைத் தாங்க முடியாமல்தான் அவர் அப்படிச் செய்தார். அவர் இறந்து பத்து வருடம் கழித்து, 1990இல் சோவியத் அரசு உண்மையை ஒப்புக்கொண்டது. நினைவுப் பலகை அங்கே இருக்கிறது. நீங்கள் வருவது மார்ச் கடைசி, அந்த நாளை ஒட்டித்தான்.

அதே வாரத்தில் இன்னொரு நாளும் வரும். 1794 மார்ச் 24 அன்று கொஷ்ச்சியூஷ்கோ என்ற போலந்துப் படைத்தலைவர் ரஷ்யாவுக்கு எதிரான எழுச்சிக்கு உறுதிமொழி எடுத்தது இங்கேதான். மன்றக் கோபுரத்தின் பக்கத்தில் தரையில் கல் பதித்திருக்கிறார்கள். 1525 ஏப்ரல் 10இல் பிரஷ்யக் கோமகன் போலந்து அரசர் முன் மண்டியிட்டதற்கும் ஒரு கல் உண்டு. அந்தக் காட்சியை மாத்தெய்கோ தீட்டிய மாபெரும் ஓவியம் துணி மண்டபத்தின் மாடியில் தொங்குகிறது. கீழே கல்லைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய் ஓவியத்தைப் பார்க்கலாம்.

இதனால்தான் இரண்டு மணி நேரம் போதும் என்பதை நான் ஏற்க மாட்டேன். ஒரு நாட்டு மக்கள் தங்கள் வாழ்வில் நடந்த பெரிய காரியங்களை எல்லாம் இங்கே வந்துதான் செய்திருக்கிறார்கள்.

ஓட்டச்சக்கரம்:

பம்பு விஷயம் எனக்குத் தெரியாது. படித்ததும் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை. அடுத்த மாதம் வார்சா போகிறேன், வழியில் இறங்கிப் பார்க்கிறேன்.

தேன்மொழி_வ:

அம்மாவுக்குச் சொல்ல இரண்டு விஷயம். முதலாவது செயின்ட் மேரி தேவாலயத்தின் பலிபீடம். விட் ஸ்ட்வோஷ் என்ற சிற்பி 1477இல் தொடங்கி 1489 வரை செதுக்கியது. லிண்டன் மரத்தில் ஆளுயரத்தைவிடப் பெரிய உருவங்கள், கோதிக் காலப் பலிபீடங்களில் இதுதான் ஆகப் பெரியது என்பார்கள். மரியாள் உயிர் பிரியும் நேரம், சுற்றிலும் சீடர்கள். தங்கப் பூச்சை விட்டுவிட்டு அந்தக் கிழவர்களின் கைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நரம்பு புடைத்து, தோல் சுருங்கி, உழைத்துத் தேய்ந்த கைகள். போரில் ஜெர்மானியர் இதை நியூரம்பெர்க்குக் கொண்டுபோனார்கள், 1946இல் திரும்பி வந்தது. பகல் 11:50 வாக்கில் கதவுகளைத் திறக்கும் சடங்கு நடக்கும். ஞாயிறும் பண்டிகை நாட்களும் வேறு மாதிரி, நேரத்தைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு டிக்கெட்டோடு பக்கவாசல். முன்வாசல் வழிபட வருபவர்களுக்கு. அதில் நுழைந்து படம் எடுக்காதீர்கள், பிரார்த்தனையில் இருக்கிறவர்கள் மனம் புண்படும்.

இரண்டாவது சாப்பாடு. பியெரோகி ருஸ்கியே என்று கேளுங்கள், உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்தது. ஆனால் மேலே பன்றிக் கொழுப்பை வறுத்துத் தூவித் தருவது வழக்கம். 'பெஸ் ஸ்க்வாரெக்' என்று சொன்னால் போடமாட்டார்கள், 'ஸ் மாஸ்வெம்' என்றால் வெண்ணெய் ஊற்றித் தருவார்கள். பீட்ரூட் சூப்பை நம்பாதீர்கள், பல இடங்களில் இறைச்சி வேகவைத்த சாறுதான் அடிப்படை. ஒப்வஜானெக் என்ற முறுக்கிய வளைய ரொட்டியைத் தள்ளுவண்டியில் விற்பார்கள். உப்பு, கசகசா, எள் என மூன்று வகை. அம்மாவுக்கு எள் போட்டது பிடிக்கும்.

மேஸ்திரி மகன்:

சதுக்கத்தை ஒட்டிய மேசைகளில் சாப்பிட்டால் இடத்துக்கும் சேர்த்துப் பணம் வாங்குவார்கள். அங்கே ஒரு காபியோடு நிறுத்திக்கொண்டு, சாப்பாட்டுக்குப் பக்கத்துத் தெருவில் 'பார் மிலெச்னி' பலகை தேடுங்கள். மலிவான பழைய உணவகம், தட்டை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

துணி மண்டபத்துக்குள் அம்மா வெகுநேரம் நிற்பார். அம்பர் மணி, மரப்பெட்டி, கம்பளித் துணி என்று இரு பக்கமும் கடைகள். கடைகள் இருந்த காலத்துப் புதுமண்டபத்தில் நுழைந்தாற்போல் இருக்கும், மதுரைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். குறுக்கு வழியில் தலைக்கு மேலே சங்கிலியில் ஒரு இரும்புக் கத்தி தொங்கும். தேவாலயத்தின் இரு கோபுரங்களைக் கட்டிய அண்ணன் தம்பியில் ஒருவன், தன்னுடையது குட்டையாகிவிடும் என்ற பொறாமையில் மற்றவனைக் குத்தினான் என்று ஊரில் கதை.

பாதசாரி:

குதிரை வண்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். மிட்ஸ்கியேவிச் சிலைப் பக்கம் வெள்ளை வண்டிகள் அலங்காரத்தோடு நிற்கும். அப்பாவால் நடக்க முடியாது என்று ஏற்றிவிடத் தோன்றும். வெயில் காலத்தில் குதிரைகளை அந்தக் கல்தரையில் நிறுத்துவதை எதிர்த்து ஊர்க்காரர்களே போராடுகிறார்கள். நான் ஏறவில்லை, ஏறவும் மாட்டேன்.

கூழாங்கல்:

வண்டிக்காரர்களுக்கும் அது தலைமுறைத் தொழில். குளிர்ந்த மார்ச்சில் குதிரைக்கு அந்த வெக்கை இல்லை. என்றாலும் அப்பாவுக்காக என்றால் அவசியமே இல்லை. டிராமில் 'ப்ளாத்ஸ் ஃப்ஷிஸ்ட்கிக் ஷ்வியென்டிக்' நிறுத்தத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடைதான். சதுக்கத்துக்குள் பெஞ்சுகள் இருக்கின்றன. கருங்கல் தரை மேடு பள்ளமாக இருக்கும், மழை பெய்தால் வழுக்கும், அதனால் நல்ல ரப்பர் அடிச் செருப்பு போடச் சொல்லுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு 'வாங்க, வாங்க' என்று மதுக்கூடத்துக்கு ஆள் பிடிப்பவர்கள் இருப்பார்கள். பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள். மயக்க மருந்து கலந்து கொடுத்து அட்டையில் பணம் உருவிய வழக்குகள் உண்டு.

வைகைக்கரை:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. சுரங்கத்தை எடுத்துவிட்டேன். வந்து சேரும் மாலை சதுக்கத்தில் சும்மா உட்காருவது, மூன்றாம் நாள் காலை எட்டு மணி தொடங்கி மதியம் வரை முழுக்க அங்கேயே. அப்பாவிடம் பதிலாக் பற்றித் தொலைபேசியில் சொன்னேன். கட்டின் பற்றி வகுப்பில் ஒரே வரியில் சொல்லிக் கடந்திருக்கிறேன், அந்தப் பம்பை நான் பார்க்க வேண்டும் என்றார். ஒரு சந்தேகம்: நிலத்தடி அருங்காட்சியகத்தை முதலில் பார்ப்பதா, கடைசியிலா?

மேஸ்திரி மகன்:

முதலில் மேலே. அதால்பெர்ட் தேவாலயச் சுவரோரம் அந்தத் தாழ்ந்த கல்லைக் காட்டிவிட்டு, பத்து மணி வாக்கில் கீழே இறங்குங்கள். தலைகீழாகச் செய்தால் அந்தக் கல்லின் பொருள் அவருக்குப் பாதிதான் பிடிபடும்.

தேன்மொழி_வ:

பத்து மணிக்குப் பதிவு செய்தால் பதினொன்றரைக்கு வெளியே வந்துவிடலாம், பலிபீடம் திறப்பதற்கு நேரம் சரியாக இருக்கும். அங்கிருந்து 12 மணி ஹெய்னாவுக்குக் கீழே வந்து நிற்க முடியாது, அதை முதல் நாள் மாலையே கேட்டுவிடுங்கள். ஈஸ்டர் எந்த வாரம் என்று பார்த்தீர்களா? முன்னதாக வந்தால் சதுக்கத்தில் சந்தை போட்டிருப்பார்கள், அறை கிடைப்பது கஷ்டம். இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள் தம்பி.